பப்பாசிப்பால் பூசிய முகம்

என்னைப் பெண் பார்க்க மூதூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த நாளில், என் முகத்துக்கு நிறம் ஏற்றியே தீருவேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். பச்சைப் பப்பாசிக்காயில் வடிந்த பாலில் மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டாள்.

“எரியுதக்கா!”

“கொஞ்சம் பொறுத்துக்கொள்ளடி. எரிஞ்சாத்தான் நிறம் வரும்.”

கழுவிப் பார்த்தால் முகமெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. ஒரு கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அதற்குள் லாஞ்சுப் படகில் வந்திறங்கியவர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

“காய்ச்சல் எண்டு சொல்லுறன். நீ போய்ப் படு,” என்றாள் அக்கா, ஒன்றுமே செய்யாதவள் போல. எனக்கு வந்த எரிச்சலில் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே விறாந்தைக்குப் போனேன்.

மாப்பிள்ளையின் தாய் திடுக்கிட்டார். “என்ன பிள்ளை, முகத்தில?”

“நிறம் காணாதெண்டு அக்கா பப்பாசிப்பால் பூசினவ, மாமி. இப்ப இதுதான் என்ர முகம். பாருங்கோ.”

மாப்பிள்ளை எழுந்து, தான் இருந்த கதிரையை என் பக்கம் நகர்த்தினார்.

“முதல்ல இருங்கோ. நல்லா எரியுதோ?”

“ஓம்,” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவரைத்தான் கட்டினேன். அதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில், பவுடர் பூசிய முகத்தோடு தரையைப் பார்த்தபடியே நின்றிருக்கிறேன். அந்த வீங்கிய முகத்தோடு நின்ற அன்றுதான் எனக்கு வாய் திறந்தது.