பாடைச் சுழிக் குதிரை

நான் விற்ற குதிரைகளைப் பார்க்கப் போனது பாசத்தினால் அல்ல. அவற்றுள் ஒன்றை வாங்கியவர்கள் வீட்டில் சாவு விழுந்துவிட்டதா என்று பார்க்கவே போனேன்!

சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் தொண்டையில் நின்றது இதுதான்.

எங்கள் ஊரான கிள்ளானில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "குதிரைக்காரரைப் போல உண்டா? கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்கப் போகிற தகப்பன் மாதிரி, விற்ற குதிரைக்கு வெல்லமும் கொள்ளும் எடுத்துக்கொண்டு போகிறாரே!" என்பார்கள். நானும் தலையை ஆட்டி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இல்லையா என்று கேட்கிறீர்களா? இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

சுமத்ராவிலிருந்து கப்பலில் வந்த மட்டக்குதிரைகளை வைத்துக் குட்டி எடுத்து வளர்த்து விற்பது என் தொழில். மோட்டார் வண்டிகள் பெருகாத காலம் அது. வாடகை வண்டிக்காரர்களும் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிமார்களும் என் லாயத்தைத் தேடி வருவார்கள். குதிரைக்காக மட்டும் அல்ல, என் கண்ணுக்காகவும் வந்தார்கள். குதிரையின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைப் பார்த்து, இது வீட்டுக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. வேறு இடத்தில் வாங்கியதைக்கூட என்னிடம் ஓட்டிவந்து சுழி பார்க்கச் சொல்வார்கள்.

அந்தச் செவலைப் பெட்டைக்குட்டி பிறந்த அன்றே பார்த்துவிட்டேன். முதுகெலும்புக்கு இரு பக்கமும் நேருக்கு நேராக இரண்டு சுழிகள். பாடைச் சுழி! அப்படிப்பட்ட குதிரை நிற்கும் வீட்டில் பாடை கட்டுவார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் நம்பியது. நானும் நம்பினேன்... முழு மனத்தோடு நம்பினேன். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கோயிலுக்கு விட்டுவிடுவதுதான் முறை. நான் விடவில்லை. விட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குத் தகப்பனான என் பொலிகுதிரையின் பெயர் கெடும். என் பெயரும் கூடவே போகும். லாயத்தின் கோடியில் தனியே கட்டி, யார் கண்ணிலும் படாமல் வளர்த்தேன். அது வளர்ந்த வருடங்களில் என் மனைவி பாக்கியத்துக்கு இரண்டு கருவும் தங்கவில்லை. மூன்றாவதாக அவள் வயிறு நிறைந்து வந்தபோது எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பிரசவத்துக்கு முன் அந்தக் குதிரை என் வீட்டைவிட்டுப் போயாக வேண்டும்... எங்காவது!

அப்போதுதான் குதிரை வேண்டும் என்று பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலிருந்து வீராசாமி சொல்லி அனுப்பினான். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவன். அதை விட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் வாடகை வண்டி ஓட்ட அவனுக்கு ஆசை. அவன் வருவதாகச் சொன்ன அன்று விடிந்ததும் செவலையின் முதுகில் தேங்காய் எண்ணெய் தொட்டு, மயிரை அழுத்தி அழுத்தி வாரிவிட்டேன். இரண்டு சுழியும் படிந்து மறைந்தன.

அவன் தனியாக வரவில்லை. மனைவி அஞ்சலையையும் அழைத்து வந்திருந்தான். அவளுக்கும் வயிறு தெரிந்தது.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்!

"எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாதுண்ணே. சுழி எப்படின்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றான் வீராசாமி.

"நல்ல சுழி, தைரியமா கொண்டு போ" என்றேன்.

அப்போது உள்ளே பாக்கியம் அஞ்சலைக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து, எத்தனையாவது மாதம், எது பிடிக்கிறது, எது குமட்டுகிறது என்று பேசிக்கொண்டிருந்தாள். இருவர் சிரிப்பும் என் காதில் விழுந்தது. இருந்தும் கயிற்றை அவன் கையில் கொடுத்தேன். குதிரை வாசலைத் தாண்டியதும் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிற்று. என் வீட்டைவிட்டுப் போகிறது என்று மட்டுமே நினைத்தேன். எந்த வீட்டுக்குப் போகிறது என்ற நினைப்பு வர ஒரு வாரம் பிடித்தது.

வந்தபின் அந்த நினைப்பு போகவில்லை. சோறு இறங்கவில்லை. வெல்லத்தையும் கொள்ளையும் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

வீராசாமி வீட்டுச் சந்தின் முனையில் நின்று காது கொடுப்பேன். ஒப்பாரி கேட்கிறதா? இல்லை... அஞ்சலையின் குரல்தான் கேட்கும். அவள் குரல் மெதுவான குரல் அல்ல. "ஏய் சனியனே, கால எடு லா! வாளிய மிதிக்காத!" என்று செவலையைத் திட்டுவாள். எனக்கு அந்த வசவு தேவாரம் போல இருக்கும்! மூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போவேன்.

"வாங்க சம்பந்தி! மக எப்படியிருக்கான்னு பாக்க வந்தீங்களா?" என்று கேலி செய்வான் வீராசாமி. நானும் சிரிப்பேன்.

அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போனால் சந்தேகம் வரும் அல்லவா? அதற்காக, விற்ற மற்றக் குதிரைகளையும் பார்க்கப் போனேன். தெலுக் பங்லிமா காராங் வரைக்கும் மாட்டுவண்டியில் குலுங்கிப் போய், எந்தக் குறையும் இல்லாத ஒரு கறுப்புக் குதிரைக்கு வெல்லம் ஊட்டிவிட்டு வந்திருக்கிறேன். குற்றம் செய்தவனுக்கு எவ்வளவு வேலை, பாருங்கள்!

பாக்கியத்துக்குப் பெண் பிறந்தது. தாயும் சேயும் சுகம். மனம் நிறைந்து சிரித்தேனா? இல்லை. சாவு என் வீட்டைத் தாண்டிவிட்டது, அடுத்து அங்கேதான் என்று தோன்றியது. அஞ்சலைக்கு நாள் நெருங்க நெருங்க நான் ரயிலேறுவதும் கூடியது. கடைசியில் ஒரு நாள் சந்துமுனையில் நின்றபோது ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது. அதற்கு மேலே அஞ்சலையின் குரல், வெந்நீர் ஆறிவிட்டது என்று யாரையோ அதட்டியது. இருவரும் இருக்கிறார்கள்! சாக்கடை ஓரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர்கள் பிழைத்ததற்காகவா, நான் கொலைகாரன் ஆகாததற்காகவா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகும் போவதை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அதே பயம், அதே நிம்மதி. வீராசாமி மோட்டார் டாக்சி வாங்கிய பிறகும் செவலையை விற்கவில்லை. பின்கட்டில் நின்று தின்றுகொண்டிருந்தது. போன மாதம் கிழடாகி, நின்ற இடத்திலேயே படுத்துச் செத்தது. ஆள் அனுப்பினார்கள், போனேன்.

காபி கொடுத்துவிட்டு அஞ்சலை எதிரே உட்கார்ந்தாள்.

"இனிமே சொல்லலாம்ணே. அது பாடைச் சுழிக் குதிர. உங்களுக்குத் தெரியாது."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வாங்குன கொஞ்ச நாள்லயே, லாடம் அடிக்க வந்த பாய் பாத்துட்டாரு. இவரு உடனே திருப்பி விட்டுட்டு வரேன்னு குதிச்சாரு. நாந்தான் விடல."

"ஏம்மா?"

"அங்க அக்காவும் மாசமா இருந்தாங்களே! ரெண்டு தங்கல, இது மூணாவதுன்னு எங்கிட்ட சொல்லி அழுதாங்க. அது திரும்பி அங்க போயி ஏதாச்சும் ஆனா... நம்ம மனசு கேக்குமா? வந்தது இங்கயே இருக்கட்டும்னுட்டேன்."

"உனக்குப் பயமா இல்லியா?"

"பயமில்லாமயா? பிள்ள பொறக்குற வரைக்கும் தூக்கம் ஏது? இப்ப என்ன கெட்டுப் போச்சு? சுழியாவது, ஒண்ணாவது!"

வீராசாமி குறுக்கிட்டான். "உங்க கண்ணுக்கு அது எப்படி தப்புச்சுன்னுதான் எனக்குப் புரியல. கேட்டா நீங்க மனசு ஒடஞ்சு போவீங்கன்னு இவ வாயத் தொறக்க விடல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? வாய் வரைக்கும் வந்தது... எண்ணெய், சீப்பு, எல்லாம் வந்தது. ஆனால் நான் சொன்னது வேறு.

"அன்னிக்கு ஏதோ... கண்ணு தப்பிருச்சும்மா."

"விடுங்கண்ணே. மனுசன்னா தப்பும்தான்" என்று சிரித்தாள்.

ரயிலில் திரும்பும்போது காற்று முகத்தில் நன்றாக அடித்தது. யாரும் சாகவில்லை. சுழியில் ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கினேன். ஆம், நிம்மதிதான். அதை மறைக்கவில்லை. ஆனால் அவள் மன்னித்தது கண் தப்பிய ஒருவனை அல்லவா? அந்த ஆள் நான் இல்லையே!

வருகிற வாரம் அவள் மகனுக்கு நிச்சயதார்த்தம். எவன் பிறக்காமலே போய்விடுவானோ என்று சந்துமுனையில் நடுங்கினேனோ, அவனுக்கு! பெரியவராக முன்னே நின்று நான்தான் தட்டு மாற்றித் தர வேண்டுமாம். அஞ்சலை சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.