பன்னிரண்டாவது கைநாட்டு

ஆலங்குடியில் நான் ஒன்பதாவது படித்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் சேவைப் பதக்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. தனியாக இருக்கும் வயதானவர் ஒருவர் வீட்டுக்குப் பன்னிரண்டு சனிக்கிழமை போய் வேலை செய்து கொடுக்க வேண்டும். போனதற்கு அடையாளமாக அவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டில் ‘இன்று பெரியவரிடம் கற்றது’ என்று ஒரு கட்டம் வேறு இருந்தது. பாசத்துக்கும் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அதைப் போகும் வழியிலேயே எழுதி முடித்துவிடுவேன்.

எனக்கு வாய்த்த ஆத்தா முந்திரிக்காட்டு ஓரத்தில் ஒற்றைக் குடிசையில் இருந்தது. ஒரே மகன் திருச்சியில் வேலை பார்த்தார். ஆத்தாவுக்கு முழங்கால் மடங்காது. வாய் மட்டும் ஓயாது. கிணற்றிலிருந்து எட்டுக் குடம் தண்ணீர் சுமந்து அண்டாவை நிரப்புவதுதான் என் சேவை. அந்தத் தண்ணீரை ஒரு வாரம் வைத்துக்கொள்ளும். நான் சுமக்கும்போது சிந்துகிறேன் என்று திட்டும். எனக்கு ஆத்தாவைப் பிடிக்கவில்லை. பதக்கத்தைத்தான் பிடித்திருந்தது.

பத்து வாரம் ஒழுங்காகப் போனேன். அப்புறம் வளையப்பந்துப் போட்டிக்குச் சனிக்கிழமைகளில் பயிற்சி வைத்தார்கள். பத்தாவது சனிக்கிழமை மைப்பெட்டியை நீட்டி, மூன்று இடத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னேன்.

“எதுக்குத்தா மூணு?”

“டீச்சர் கேட்டாங்க ஆத்தா.”

“அடுத்த வாரம் வருவேல்ல? தண்ணி இல்லாட்டி நான் செத்துருவேன்.”

“வருவேன்.”

போகவில்லை. வழியில் போகிறவர்கள் யாராவது ஊற்றாமலா போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. அன்று சாயங்காலம் பன்னிரண்டாவது கைநாட்டுக்கு எதிரே தேதியும், மத்தியானம் என்று நேரமும் எழுதி நோட்டை டீச்சரிடம் கொடுத்தேன். கற்றது என்ற கட்டத்தில் ‘பொறுமை’ என்று எழுதியிருந்தேன்.

மறுநாள் காலையில் ஆடு மேய்க்கிறவர் வந்து, ஆத்தா செத்துக் கிடக்கிறது என்றார்.

நானும் அம்மாவும் போனபோது வாசலில் கூட்டம். எப்போது உயிர் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. திதி பார்க்க வேண்டுமே என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். செய்தி கேட்டு என் நோட்டோடு வந்திருந்த டீச்சர் அதை விரித்துக் காட்டினார். “நேத்து மத்தியானம் இந்தப் பிள்ளை வந்திருக்கா. இந்தாங்க, ஆத்தா வச்ச கைநாட்டு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “ஆமா, நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“அப்ப நேத்துச் சாயங்காலம் போயிருக்கு. நேத்து ஏகாதசிங்க” என்றார் ஒருவர். கூட்டத்தில் முகங்கள் மாறின. ஏகாதசியில் சாவு, துவாதசியில் தகனம். யாருக்குக் கிடைக்கும்? புண்ணியவதி என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

குளிப்பாட்ட உள்ளே போன அம்மா மட்டும் வாசலுக்கு வந்து, “நேத்துப் போன ஒடம்பு மாதிரி தெரியலையே” என்றாள். பிறகு டீச்சர் கையில் இருந்த நோட்டைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே திரும்பினாள். நான் அவள் பின்னால் போய் அண்டாவை எட்டிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த பாசிகூடக் காய்ந்துபோயிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினேன். செத்த பிறகும் சேவை செய்கிறாள் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். குடம் குடமாகக் கொண்டுவந்து அண்டாவை நிரப்பினேன்.

மத்தியானத்துக்கு மேல் தந்தி கிடைத்து மகன் வந்தார். அழுது ஓய்ந்ததும் என்னிடம்தான் வந்தார்.

“பாப்பா, எங்காத்தா கடைசியா என்ன சொன்னுச்சு?”

தண்ணீர் கேட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். “உங்களைத்தான் விசாரிச்சுச்சு” என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். மேடையில், கடைசி நாள் வரை கைவிடாத மாணவி என்று படித்தார்கள். கை தட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

மறுவருஷம் அதே ஏகாதசியில் திதி கொடுத்தார்கள். மகன் திருச்சியிலிருந்து வந்து எங்கள் வீட்டுக்கே நேரில் வந்து அழைத்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். படையல் முடிந்ததும் எனக்கு முதல் இலை போட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஆத்தா கடைசியாப் பாத்த மொகம் பாப்பா மொகந்தான். அது சாப்பிட்டாத்தான் நாங்க உக்காருவோம்” என்றார். “நான் ஒண்ணும் செய்யாத மகன். ஏகாதசியிலே போச்சேங்கிறது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்.”

நான் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டார். வைக்கச் சொன்னேன்.