ஒரு சொட்டு மிச்சமில்லாமல்

என் அண்ணனை அவனோடு வேலை செய்யும் பெயிண்டர்கள் 'சொட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடியும்போது டப்பாவில் ஒரு சொட்டுகூட மிச்சமிருக்காது, அதனால் வந்த பெயர். வீட்டுச் சுவர்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். ஓர் அறைக்குள் நுழைந்து நாலு பக்கமும் கண்ணை ஓட்டுவான். கதவையும் ஜன்னலையும் மனசுக்குள்ளேயே கழித்துவிட்டு, இத்தனை லிட்டர் என்று சொல்வான். சொன்னால் சொன்னதுதான். ஊரே அதை மெச்சிக்கொள்ளட்டும், நான் மெச்ச மாட்டேன். அந்தத் திறமைதான் என் வயிற்றில் அடிக்கப் பார்த்தது.

என் கணவருக்கு வேலை போன பிறகு எங்களிடம் உருப்படியாக இருந்தது ஒரு பழைய கரும்பச்சைக் கார்தான். பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகளை ஏற்றிப்போகச் சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் தேவை என்றார்கள். போய்க் கேட்டேன்.

"கார் முழுக்க மஞ்சளா இருக்கணும். அதுவும் ஒரே மஞ்சள். திங்கட்கிழமை கொண்டாந்து காட்டுங்க" என்றார் மேலாளர் அம்மா.

கார் பட்டறையில் கேட்ட கூலிக்கு அதே மாதிரி இன்னொரு காரையே வாங்கியிருக்கலாம். அண்ணனிடம் சொல்லிப் புலம்பினேன்.

"பட்டறைக்காரனுக்கு எதுக்குக் கொட்டிக் குடுக்கணும்? நான் என்ன செத்தா போயிட்டேன்? உங்க வீட்டுக் கொட்டகையிலயே அடிச்சுடலாம்."

மறுநாளே டேப்பும் கையுமாக வந்து நின்றான். பானெட், கூரை, டிக்கி என்று சுவரை அளப்பது போலவே அளந்தான். பழக்கதோஷம், கண்ணாடியோடு சேர்த்துக் கதவுகளையும் கழித்துவிட்டான். "அடச்சே, இதுல கதவுக்கும் அடிக்கணும்ல" என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பக் கூட்டினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"ரெண்டு லிட்டர். கச்சிதமா வரும்" என்றான்.

கடைக்கு நானும் போனேன். உப்புத்தாள், பள்ளம் நிரப்பும் பட்டி, ப்ரைமர், தின்னர், கண்ணாடியை மறைக்க டேப், எல்லாம் வாங்கியாயிற்று. மஞ்சளைக் கலக்கப் போன கடைக்காரர் நின்றார்.

"நாலு லிட்டரா வாங்கிக்கங்கண்ணே. அடியில கரும்பச்சை, மஞ்சள் லேசுல மூடாது. ஸ்ப்ரே கன்னுல அடிச்சா பாதி காத்துலதான் போகும். கதவைத் திறந்தா உள்விளிம்பு வேற இருக்கு. நடுவுல தீந்துபோச்சுன்னா, அடுத்து கலக்குறது இதே நிறத்துல வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"என் பெயிண்ட் காத்துல போகாது."

"அண்ணா, அவர் சொல்றதக் கொஞ்சம் கேளேன்" என்றேன்.

"நீ சும்மா இரு. மிச்சமானா என்ன பண்றது?"

மிச்சம் என்று சொல்லும்போது அவன் முகம் போகும் போக்கு எனக்குத் தெரியும். ரெண்டு லிட்டருக்கே பணத்தை எடுத்து நீட்டினேன்.

அவன் மீசை முளைக்காத வயதில் வேலைக்குப் போன முதல் வீட்டில் அரை டப்பா பெயிண்ட் மிஞ்சியது. "உங்க வீட்டு வாசக்கதவுக்கு ஆகும், எடுத்துட்டுப் போடா" என்று மேஸ்திரிதான் கொடுத்தார். தெருமுனை தாண்டுவதற்குள் வீட்டுக்காரன் துரத்தி வந்து பிடித்துவிட்டான். திருட்டுப்பயல் என்றான். மேஸ்திரி, நான் கொடுக்கவேயில்லை என்று கையை விரித்தார். அந்த டப்பாவைத் தலையில் வைத்துத் தெரு முழுக்க நடக்கவைத்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்தேன். அந்த மேஸ்திரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அண்ணன் மிச்சம் வைத்ததில்லை. மிச்சமிருந்தால்தானே எவனாவது வந்து கேட்பான்.

அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. தேய்த்தான், பட்டி வைத்தான், திரும்பத் தேய்த்தான், ப்ரைமர் அடித்தான். வாடகைக்கு எடுத்த கம்ப்ரசர் கொட்டகையே அதிரும்படி கத்தியது. காற்றில் போகாத பெயிண்ட் கொடியில் காய்ந்த துணியில் படிந்தது, ஜன்னல் கம்பியில் படிந்தது, அவன் மீசையையும் மஞ்சளாக்கியது. கடைசியில் நான் உட்கார்ந்து ஓட்டும் பக்கத்துக் கதவுக்கு வந்தபோது கன் வெறும் காற்றை ஊதியது. டப்பாவைக் கவிழ்த்து வழித்துப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை.

ஓடிப்போய் அரை லிட்டர் வாங்கி வந்து அடித்தான். ஈரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. காலை வெயிலில் காரை வெளியே எடுத்தால், மற்ற இடமெல்லாம் எலுமிச்சை, என் கதவு மட்டும் பரங்கிக்காய்.

திங்கட்கிழமை பள்ளியில் மேலாளர் அம்மா காரைச் சுற்றி வந்து அந்தக் கதவின் முன்னால் நின்றார்.

"இது மட்டும் வேற கார்ல இருந்து கழட்டி மாட்டினதா? வியாழக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

வீட்டுக்கு வந்து அண்ணனைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"உன் கணக்கைத் தூக்கி உடைப்புல போடு! அந்தக் கடைக்கார மனுஷன் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே, கேட்டியா? உன் பேரைக் காப்பாத்திக்க என் பொழப்புதான் கிடைச்சுதா?"

அவன் உப்புத்தாளை நனைத்துக் கதவைத் தேய்க்க ஆரம்பித்தான். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. வாய் வலிக்கும் மட்டும் கத்திவிட்டு நிறுத்தினேன். அப்போதும் நிமிராமலே கேட்டான்.

"முழுக் காருக்கும் ஒரே கலவையா மறுபடி அடிச்சாத்தான் சரியா வரும். எவ்வளவு வாங்கட்டும்? நீயே சொல்லு."

இவ்வளவு வருஷத்தில் அவன் யாரிடமும் அளவு கேட்டதில்லை. நான் அதற்காகக் குரலை இறக்கிவிடவில்லை.

"நாலு லிட்டர்."

"மிச்சமாகுமே..."

"ஆகட்டும்! மிச்சமானா என் வீட்டு வாசல்ல வை. எவன் வந்து கேக்குறான்னு நான் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை கார் தேறிவிட்டது. மிஞ்சியது அரை டப்பா. போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலிலேயே வைத்திருக்கிறேன். அண்ணன் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான். இதுவரை எவனும் வந்து கேட்கவில்லை.