யாரும் தொடாமலே நின்ற கம்ப்யூட்டர்

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து போன். "சார், கம்ப்யூட்டரை யார் கெடுக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க வந்து கண்டுபிடிச்சுக் குடுத்தா போதும்" என்றார் ஸ்டெல்லா. தாம்பரம் பக்கம் வீடு வீடாகப் போய் சர்வீஸ் செய்பவன் நான். நோயை முடிவு செய்துவிட்டு டாக்டரைக் கூப்பிடும் ஆட்கள் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் அந்தக் குரலில் இருந்த சூடு, உடனே வண்டியை எடுக்க வைத்தது.

ஸ்டெல்லா வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர். மத்தியானமானால் மெஷின் அப்படியே ஹேங் ஆகிவிடுகிறது, திறந்து வைத்த ஆல்பம் ஃபைல் பாழாகிறது. அந்நேரம் அவர் சமையலறையில் இருப்பார். கம்ப்யூட்டர் முன்னால் இருப்பது கொழுந்தன் ராபின். அவனுக்குச் சாயங்கால ஷிஃப்ட். பகலில் நெட்டில் வேறு வேலை தேடுவான். ஒருமுறை அவன் செருகிய பென் டிரைவில் வைரஸ் என்று எச்சரிக்கை வந்ததாம். அன்றோடு பெயர் கெட்டது. நான் போனபோது, ஊரப்பாக்கத்தில் நண்பன் ரூமுக்குப் போகப் பையைக் கட்டி வைத்திருந்தான்.

எத்தனை மணிக்கு நிற்கிறது என்று கேட்டேன். தினமும் பன்னிரண்டுக்கு என்றார். எனக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. வைரஸுக்கு ஏது இவ்வளவு நேர ஒழுங்கு?

திரை மூலையில் இரண்டு ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டிருந்தன. பென் டிரைவ் கலாட்டாவுக்குப் பிறகு இரண்டாவதைப் போட்டாராம். "ரெண்டு பூட்டு போட்டா நல்லதுதானே சார்?"

ஒன்றை அப்போதே எடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் ராபின் கெட்ட பெயரோடு போவான். எனக்கும் நேரில் பார்க்க ஆசை. பன்னிரண்டு வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, ஒரு பழைய ஆல்பம் ஃபைலின் காப்பியைத் திறந்து வைத்தேன். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். நல்ல வேடிக்கைதான், போங்கள்.

பன்னிரண்டு அடித்ததும் ஃபேன் இரைந்தது. மவுஸ் அம்பு நின்றது. திரை உறைந்தது.

"யாரும் தொடலையே" என்றார் ஸ்டெல்லா.

இரண்டு ஆன்டிவைரஸுக்கும் ஸ்கேன் நேரம் பன்னிரண்டு. ஒரே வாசலில் இரண்டு வாட்ச்மேன் நின்று, ஒருவர் சோதித்த பையை மற்றவர் பிடுங்கிச் சோதித்தால் வீட்டுக்காரர் எப்படி உள்ளே போவார்? அதுதான் நடக்கிறது என்று விளக்கினேன். அந்த நேரத்தை யார் வைத்தது என்றும் கேட்டேன்.

"நான்தான். சமைக்கப் போற நேரம், எனக்கு மெஷின் தேவைப்படாதேன்னு..." என்றார் ஸ்டெல்லா.

ஒன்றை முழுதாக அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் போட்டு, மறுபடி ஸ்கேன் ஓடவிட்டேன். ஆல்பம் தடங்கலின்றித் திறந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. திரும்பிப் பார்த்தால், அவர்கள் இருவரும் திரையைப் பார்க்கவே இல்லை.

"ராபின், ரூம் வேணாம்னு சொல்லிடு. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நான்."

"நீங்க கேக்கவே இல்லையே அண்ணி" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். எனக்கு மனசு கனத்துப்போனது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். கஸ்டமர் 'யார்' என்று ஆரம்பித்தால், 'எத்தனை மணிக்கு' என்று கேளுங்கள். அதையும் முதல் போனிலேயே கேளுங்கள். பை கட்டிய பிறகு நான் கேட்டதில் கம்ப்யூட்டர் மட்டும்தான் சரியானது.