தண்ணீர் குடிக்கப் போன ஒன்பதாம் கல்

1. முதல் நாள்

வல்லம் தாண்டினால் நெல்வயல் முடிந்து மேட்டு நிலம் தொடங்கும். அங்கே தைலமரக் காட்டை ஒட்டி ஒரு கல்வட்டம் இருக்கிறது. முழங்கால் உயரக் கற்களை வட்டமாக நட்டு, நடுவில் செத்தவர்களுக்காகப் பானைகளைப் புதைத்திருக்கிறார்கள். ஊரில் அதற்குத் தாழிமேடு என்று பெயர். அங்கே அகழாய்வு வேலை தொடங்கியபோது ஊரிலிருந்து எடுத்த பெண்களில் நானும் ஒருத்தி. நடவுக்கு மெஷின் வந்த பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. வீட்டுக்காரரும் இல்லை.

வேலையை நடத்திய அதிகாரியை எல்லோரும் பெரிய சார் என்போம். அவர் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கேட்டார். என் முறை வந்தபோது எனக்குக் குரல் எழும்பவில்லை. பக்கத்தில் நின்றவள்தான் "ஆரோக்கியம்" என்று சொன்னாள். சார் என்னைப் பார்த்துவிட்டு, "பேசாத ஆளா? ஓடு கழுவுற இடத்துல போடுங்க" என்றார். அப்படித்தான் எனக்கு நிழலில் உட்காரும் வேலை கிடைத்தது.

ஆளுக்கொரு பல் தேய்க்கும் பிரஷ் கொடுப்பார்கள். குழியிலிருந்து வரும் பானை ஓடுகளைத் தண்ணீரில் முக்கி, மெதுவாகத் தேய்த்து, நிழலில் காய வைக்க வேண்டும். உடைந்த விளிம்பைத் தேய்க்கக் கூடாது. ஒட்ட வைக்கும்போது பொருந்தாது. உள்ளே மண் இறுகிய பானையை நாமாகச் சுரண்டக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம் டேக். எந்தக் குழி, எவ்வளவு ஆழம், யார் எடுத்தது என்று எழுதிய அட்டை அது. பை எங்கே போகிறதோ அங்கே டேக்கும் போக வேண்டும். டேக் தொலைந்தால் மூவாயிரம் வருஷத்து ஓடும் நேற்று உடைந்த சட்டியும் ஒன்றுதான் என்பார் சார்.

அன்று சாயங்காலம் சார் வட்டத்தைச் சுற்றி வந்து கற்களுக்குச் சாக்பீஸால் நம்பர் போட்டார். ஒன்பதாம் இடத்தில் கல் இல்லை. பேர்த்தெடுத்த பள்ளம் மட்டும் இருந்தது. எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

"இந்தக் கல்லை யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. எந்த வீட்டுல இருக்குன்னு தெரியவந்தா, அந்த வீட்டு ஆளுக்கு இங்க வேலை கிடையாது. சொல்லிட்டேன்."

நான் பள்ளத்தின் அகலத்தைப் பார்த்தேன். நீளத்தைப் பார்த்தேன். அது எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்.

2. பாகம் பிரிக்காத சொத்து

அந்தக் கல்லை மாமனார் மாட்டு வண்டியில் கொண்டு வந்து கிணற்றடியில் போட்டாராம். நான் வாழ வந்தபோதே அது அங்கே கிடந்தது. மாமனார் செத்த பிறகு நிலத்தைப் பிரித்தோம், வீட்டைப் பிரித்தோம், பித்தளை அண்டாவையும் எடை போட்டுப் பிரித்தோம். கல்லை மட்டும் பிரிக்க முடியவில்லை. என் பங்கு வீட்டுக்கும் ஓரகத்தி லூர்து அக்கா பங்கு வீட்டுக்கும் நடுவில் அப்படியே விட்டுவிட்டோம். அவர் காலையில் துவைப்பார், நான் மத்தியானம்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு வேலை போவுதுன்னா நான் எதுலடி துவைக்கிறது, உன் தலையிலயா?"

இரண்டு நாள் கெஞ்சினேன். கிணற்று உறை செய்கிற இடத்தில் சிமெண்ட் கல் வார்த்துத் தருவார்கள், அதை வாங்கிப் போடுகிறேன் என்றேன். மூன்றாம் நாள் அக்கா இறங்கி வந்தார். ஒரு நிபந்தனை: புதுக் கல்லின் வழவழப்பான பக்கம் அவர் வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். சொரசொரப்பு எனக்கு. சரி என்றேன்.

கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்போம். அதில் தண்ணீர் வரும் நாளைக் குறித்துக்கொண்டோம். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, எங்கள் பக்கம் தண்ணீர் வரும்போது ஊரே கரையில் நின்று நெல்லும் பூவும் தூவும். பெரிய சாரும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போய்விட்டார். ஓடு கழுவுவதாகச் சொல்லி நான் மட்டும் தங்கிவிட்டேன். மத்தியானம் தாழிமேட்டில் வேறு ஒரு காக்கை கூட இல்லை. குடம் தள்ளுகிற வண்டியில் கல்லை ஏற்றி, மேலே சாக்கைப் போட்டு மூடி, நான் இழுக்க அக்கா தள்ளினார். தலைச்சுமையாக வைக்கோல் கொண்டு போன ஒருவர் என்ன வண்டி என்று கேட்டார். "இவ மாமியா வீட்டுச் சீரு, திருப்பி அனுப்புறோம்" என்று அக்கா முகம் மாறாமல் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவி, வண்டி வாய்க்கால் ஓரம் வரை போய் நின்றது.

கடப்பாரையால் நெம்பிப் பள்ளத்தில் இறக்கினோம். செருகியது போல உட்கார்ந்தது. அப்போதுதான் கவனித்தேன், கல் முழுக்க ஈரம்.

"இது ஏங்க்கா நனைஞ்சிருக்கு?"

"கடைசியா ஒரு தடவ துவைச்சுக்கலாமேன்னு ரெண்டு போர்வையப் போட்டேன்" என்றார்.

3. நான் வாயைத் திறந்தது

சார் திரும்பி வந்தபோது நான் ஒன்றும் தெரியாதவள் போல ஓடு கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் கல்லைப் பார்த்ததும் அவர் நடை நின்றது. குனிந்து தடவினார். சுற்றி எல்லோரையும் பார்த்தார். கடைசியில் பக்கத்தில் இருந்த என்னிடம் வந்து நின்றார்.

"நீங்க இங்கதானே இருந்தீங்க? இது எப்படி வந்துச்சு?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். தூரத்தில் புது ஆற்றுக் கரையில் இன்னும் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது எங்கிருந்து என் வாயில் வந்ததோ, எனக்கே தெரியாது.

"தண்ணி குடிக்கப் போயிருக்கும் சார்."

"எது?"

"கல்லுதான். ஆத்துல தண்ணி வந்தா எந்திரிச்சுப் போயி குடிச்சிட்டு வரும்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

"எங்க மாமனாரு."

மாட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசாத மனிதர் அவர். சார் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு வரி விடாமல் எழுதினார். பிறகு ஈரக் கல்லில் விரலைத் தேய்த்து மோந்து பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஆத்துத் தண்ணியில யாரோ சோப்பு கலந்துட்டாங்க போலருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க நான் தலை நிமிரவில்லை. மறுநாள் வருகைப் பதிவில் என் பெயர் இருந்தது.

4. போனது ஒன்று

கதை ஊருக்குள் போனது. லூர்து அக்கா அதைச் சும்மா விடவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, ஆற்றுக்குப் போக முடியாமல் வீட்டில் அடைபட்ட கல் அந்த வீட்டுக் கிணற்றைக் குடித்துவிடும் என்று ஒரு துண்டு சேர்த்துவிட்டார். நாங்கள் பறிகொடுத்தது போல மற்றவர்களும் கொடுக்கட்டும் என்ற எண்ணம்தான்.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரம் முடிந்து வந்து பார்த்தால் வட்டத்துக்கு வெளியே ஒரு கல் கிடந்தது. மாட்டுக் கயிறு உராய்ந்த தடம் அதில் இருந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று, பாதி சிமெண்ட் பூசியபடி. யார் வீட்டு வாசற்படியோ. மூன்றாவதில் மெழுகுவர்த்தி வடிந்திருந்தது. எங்கள் கோயிலில் மாதா சிலைக்குக் கல் அடுக்கிக் கட்டிய கெபியில் மறுநாள் முதல் ஒரு கல் குறைவதை நான் பார்த்தேன். அதைப் பற்றி மேலே ஒன்றும் எழுதப் போவதில்லை.

சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, போனது ஒரு கல்லு. வந்தது நாலு. கல்லு குட்டி போடும்னும் உங்க மாமனாரு சொல்லியிருக்காரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். ஆனால் சார் அந்தக் கற்களை விடவில்லை. இவை இந்த வட்டத்துக் கல் இல்லை, அப்படியானால் எங்கிருந்து வந்தவை என்று தைலமரக் காட்டுக்குள் நடந்து நடந்து தேடினார். சருகுக்கு அடியில் இன்னொரு வட்டம் கிடந்தது. மூன்று பள்ளம், மூன்று கல். பொருந்தியது. எங்களுக்கு அடுத்த வருஷமும் வேலை கிடைத்தது.

5. டேக்

இப்போது அங்கே கம்பி வேலி போட்டு, விவரப் பலகை வைத்திருக்கிறார்கள். காவிரியில் தண்ணீர் வரும்போது கற்கள் எழுந்து போய்க் குடித்துவிட்டு வரும் என்பது இப்பகுதி மக்களின் தொன்மையான நம்பிக்கை என்று கீழே எழுதியிருக்கிறது. போன மாதம் பிள்ளைகளைக் கூட்டி வந்த ஒரு டீச்சர், வேலி ஓரம் உட்கார்ந்திருந்த என்னிடமே இந்தக் கதையைச் சொன்னார். பரம்பரை பரம்பரையாக வருகிறதாம். நான் அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

அதை விட ஆச்சரியம் ஒன்று உண்டு. இந்த வருஷம் தண்ணீர் வந்த அன்று லூர்து அக்கா ஒரு குடம் தண்ணீரைக் கொண்டு போய் ஒன்பதாம் கல்லின் தலையில் ஊற்றினார். என்ன அக்கா, நாம் இரண்டு பேரும்தானே வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம் என்று கேட்டேன்.

"நாம தள்ளுனது ஒரு கல்லு. மத்த மூணும் தானா வந்துச்சே, அதுக்கு என்னடி சொல்ற?"

காலிக் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

ஓடு கழுவ வரும் பெண்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கை தவறி ஓடு உடைந்தால் சாரிடம் சொல்லிவிடுங்கள், ஒட்டிவிடலாம். டேக்கை மட்டும் தொலைக்காதீர்கள். ஆயிரம் ஆயிரம் ஓட்டுக்கு டேக் கட்டிய நான், ஒரே ஒரு பேச்சை டேக் இல்லாமல் விட்டுவிட்டேன். அது இன்று பலகையில் ஏறி நிற்கிறது. தாமதமானாலும் இங்கே கட்டிவிடுகிறேன்.

கிடைத்த இடம்: எங்கள் கிணற்றடி. எடுத்தவர்: மாமனார். திருப்பி வைத்தவர்கள்: லூர்து அக்காவும் நானும். தண்ணீர் குடித்த கதையைக் கட்டியவள்: ஆரோக்கியம். ஈரத்துக்குக் காரணம்: இரண்டு போர்வை.