பெட்டி ஐட்டம்

தாளத்துக்கு வேகமாகப் பேசுவதை இப்போது பையன்கள் ராப் என்கிறார்கள். நான் அதைச் செய்த காலத்தில் அதற்குப் பெயர் இல்லை. பாட்டு என்றால் ராகம் எங்கே என்றார்கள். கவிதை என்றால் ஏன் இப்படி ஓடுகிறாய் என்றார்கள். ஒரு மைக் செட்காரர், நான் முழுசாகப் பேசி முடித்த பிறகு, "டெஸ்டிங் போதும் தம்பி, நிகழ்ச்சிய ஆரம்பிக்கச் சொல்லு" என்றார்.

வேகம் நான் தேடிக்கொண்டதல்ல. பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் காய்கறி ஏலம் போடுவதுதான் என் வேலை. மூச்சு வாங்க நின்றால் வியாபாரி அடுத்த கடைக்குப் போய்விடுவார். எதிரே ஒரு கை உயர்ந்தால் என் வாய் தானாக அதைப் பிடித்துக்கொள்ளும்: ஒரு தரம், ரெண்டு தரம். அதே கடையில் மூட்டை தூக்குகிற நண்பன் காலிக் கள்ளிப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டுவான். அவன் தட்ட, நான் பேச, எங்கள் கலைப்பயணம் தொடங்கியது. தென்காசியையும் குற்றாலத்தையும் தாண்டாததைப் பயணம் என்று சொல்லலாமா, தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் என் அண்ணன் பட்டாளத்தில் இறந்துபோனான். சண்டையில் இல்லை, ஜீப் கவிழ்ந்து. கடை விலாசம்தான் சுலபம் என்று அதையே அங்கே எழுதிக் கொடுத்திருந்தான், அதனால் தந்தி கடைக்கு வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மிச்சமிருந்த கத்தரிக்காயை ஏலம் விட்டு முடித்தேன். பிறகு பஸ் ஏறி எங்கள் ஊர் மேலகரத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அழுகை வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் வரவில்லை. சில வாரம் கழித்து அவனுடைய தகரப் பெட்டி வந்தது. அதற்குள் இருந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லி ஒரு கவிதை எழுதினேன். என் வாழ்க்கையில் சிரிக்க வைக்க நினைக்காமல் எழுதிய ஒரே கவிதை.

"பட்டாளத்தான் பெட்டி" என்று பெயர் வைத்து, அதைக் குற்றாலத்தில் சீசன் மேடையில் முதன்முறை சொன்னேன்.

"ரெண்டு சட்டை, ஒரு போர்வை,
பல்லு போன சீப்பு ஒண்ணு,
மூடி தொலைஞ்ச பேனா ஒண்ணு..."

முன்வரிசையில் எங்கள் சந்தை வெண்டைக்காய் வியாபாரி உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்ட சந்தோஷத்தில் கையைத் தூக்கினார். அவ்வளவுதான். "பேனா, அண்ணாச்சிக்கு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

சாரலில் நனைந்து நின்ற கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பேனாவுக்கு அப்புறம் கவிதை இன்னும் பாதி இருந்தது. நான் கும்பிடு போட்டு இறங்கிவிட்டேன்.

விழா நடத்தியவர் என் தோளில் அடித்தார். "ஏலே, பட்டாளத்தான் பெட்டிய ஏலம் விட்ட பாத்தியா, அதாம்லே ஐட்டம்!"

அப்புறம் ஏழெட்டு வருஷம் அதுதான் ஐட்டம். கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா, எங்கே போனாலும் பெட்டி. தென்காசியில் பாட்டுப் பதியும் கடை ஒன்றில் கேசட்டும் போட்டேன். உறையில் "வெளியீடு" என்ற இடத்தில் என் பெயரே இருக்கும், வேறு யாரும் முன்வரவில்லை. கடைக்காரர், "சிரிப்பு இல்லேன்னா இது என்னன்னு ஒருத்தனுக்கும் விளங்காது" என்றார். மூட்டை தூக்குகிற நாலு பேரைக் கூட்டி வந்து சிரிக்க வைத்துப் பதிந்தோம். நன்றாகவே சிரித்தார்கள். யாருடைய பெட்டி என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பது கஷ்டமாகவும் இல்லை.

அம்மா ஒரு மேடைக்கும் வந்ததில்லை. ஒரு சீசனில் யாரோ அவளிடம், "ஒங்க மவன் ஏலம் விடுதத கேட்டா வயிறு வலிக்கும் ஆச்சி" என்று சொல்லிவிட, "நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டாள். அன்றைக்கு அதைக் கடைசி வரி வரைக்கும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நண்பனிடமும் சொன்னேன். "நிறுத்தாம தட்டுலே. எவன் கை தூக்கினாலும் நான் பாக்க மாட்டேன்."

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேடை. போர்வையைச் சொல்லும்போதே பத்துக் கை உயர்ந்தது. சீப்புக்கு ஐம்பது. "பேனா எனக்கு!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூட முடியவில்லை. "ஒரு தரம்" என்று கூட்டமே தொடங்கியது. மூணாவது தரத்தை நான்தான் சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. மடியில் பையை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் டவுன் பஸ்ஸில் கேட்டாள். "அது நம்ம வீட்டுப் பெட்டிதான?"

"ஆமாம்மா."

"பேனாவுக்கு அடியில ஒரு இன்லேண்டு லெட்டர் கெடந்துச்சுல்லா. விலாசம் மட்டும் எழுதி. அதச் சொல்லலியே?"

"இருக்கும்மா. கடைசியில வருது. எவனும் அதுவரைக்கும் விட மாட்டேங்கான்."

"இப்ப சொல்லு."

சொன்னேன். கண்டக்டர் முன்சீட்டுக்கு டிக்கெட் கிழித்துத் திரும்புவதற்குள் கவிதை முடிந்துவிட்டது.

"ஒண்ணும் விளங்கலலே" என்றாள் அம்மா. "அந்த விலாசம் எழுதவே ஒங்க அண்ணனுக்கு ரெண்டு நாள் ஆவும். நீ எதுக்கு இந்த ஓட்டம் ஓடுத? மெதுவா சொல்லு."

மெதுவாக ஆரம்பித்தேன். முதல் வரி வந்தது. சட்டை, போர்வை வரைக்கும் வந்தது. ஓட்டம் இல்லாமல் அதற்கு மேல் என்ன வரும் என்று எனக்கு நினைவில் இல்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பாமல் காத்துக்கொண்டிருந்தாள். மேலகரம் வரைக்கும் காத்துக்கொண்டிருந்தாள்.