கூடைக்குள் சாலமாண்டர்

அந்தக் கூட்டிலிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு பிராணி வந்து என்னைத் தின்னப்போகிறது என்று மூன்று நாள் நம்பினேன். கூடு என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்த வாரம் அது. கல்வராயன் மலையடிவாரத்து எங்கள் ஊருக்குப் பஸ் நின்றுபோன அன்றைக்குத்தான் அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. அப்பா மாட்டுவண்டி கட்டி, வயல்வழியாகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கல்லூரி மூடிவிட்டதால் எங்கள் வீட்டில் வந்து கிடந்த அம்மாவின் தம்பியிடம் என்னை விட்டுப்போனார்கள். மாமா விலங்கியல் படிப்பவர்.

"அம்மா எப்ப வரும்?" என்று பத்தாவது தடவை கேட்டபோது, சாலையில் கிடந்த நாவல் மரத்திலிருந்து இலையோடு ஒட்டியிருந்த ஒரு புழுக்கூட்டைப் பிய்த்துவந்து என் கையில் வைத்தார்.

"உள்ள இன்னா மாமா இருக்குது?"

"அதாண்டா மாப்ள தெரியல. அட்லஸ் அந்துப்பூச்சியா இருக்கலாம். ராட்சத சாலமாண்டராவும் இருக்கலாம். நீதான் பாத்துக்கினு இருந்து சொல்லணும்."

புத்தகத்தில் இரண்டின் படத்தையும் காட்டினார். ஆள் நீளத்துக்குப் பல்லி உடம்போடு சாலமாண்டர் சீனத்து ஆற்றில் பாறை மாதிரிக் கிடந்தது. முகத்தில் வாயைத் தவிர வேறெதுவும் இல்லை. நோட்டில் நடுவே கோடு கிழித்து ஒப்பிட்டு எழுதவைத்தார். பூச்சிக்குச் சாப்பிட வாய் கிடையாது, ஒரு வாரம் பத்து நாள் ஆயுசு. சாலமாண்டர் ஐம்பது வருஷம் இருக்கும், தோலால் மூச்சு விடும், அதனால் எப்போதும் ஈரமாக இருக்கும்.

"ஈரமா இருந்தா கூப்புடு" என்றுவிட்டு, மரத்தை எடுத்துவிட்டார்களா என்று பார்க்கச் சாலைக்குப் போனார்.

நான் கூட்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பயத்தில் கை வியர்த்தது. கூடு ஈரமானது. சாலமாண்டரேதான் என்று அலறிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"அது உன் கை வேர்வடா. வூட்டுக்குப் போய் வேற அடையாளம் பாரு" என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேர்வைக்கும் சாலமாண்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர் என்னத்தைப் படித்தார் என்று நினைத்துக்கொண்டேன். கோழி கவிழ்க்கும் கூடைக்குள் கூட்டைப் போட்டு, மேலே அம்மிக்குழவியை ஏற்றினேன். வயிறு நிறைந்தால் என்னை விட்டுவிடும் என்று என் சோற்றில் பாதியை உள்ளே தள்ளினேன். மாமாவும் தட்டைத் தொடாமல் தள்ளிவைத்தார். அவரும் அதற்குத்தான் வைக்கிறார் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

அம்மாவைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. மாமா நாளைக்கு ஏழெட்டுத் தடவை சாலைக்குப் போய்வந்தார். தப்பி ஓட வழி பார்க்கிறார், என்னையும் சேர்த்துக்கொள்வாரா என்பதே என் கவலை.

நான்காம் நாள் காலை, கூடைக்குள் என் இரண்டு கை அகலத்துக்குச் சிறகை விரித்துக்கொண்டு பூச்சி தொங்கியது. வாயைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

மத்தியானம் வண்டி வந்தது. அம்மாவின் மடியில் ஒரு துணிச்சுருள். மாமா தெருவிலேயே உட்கார்ந்து அழுதார்.

"சாலமாண்டர் வரலன்னுதானே அழுவுற மாமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

வண்டி கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சேரவே இல்லை. முதல் நாள் சாயங்காலம், பாதி வழியில், முன்பின் தெரியாத ஒருவருடைய கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் என் தங்கை பிறந்திருந்தாள்.